கப்பலுக்குப் பூசிய பவுடர்

நான் ஸ்டூடியோ வேலையை விட்டு வீட்டோடு இருக்கிறேன் என்பது அன்புவழிபுரத்தில் எல்லாருக்கும் தெரியும். என் போனுக்கு மட்டும் இன்னும் தெரியாது. திருகோணமலைப் படக்காரர்களின் வட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. நானாக விலகவும் மனம் வரவில்லை. காலையில் தேத்தண்ணியோடு அதைத் திறந்தால், யாராவது ஒருவர் எதையாவது தொலைத்துவிட்டு நிற்பார்.

போன மாதம் எல்லாரும் ஒரே சாமானைத் தொலைத்தார்கள். படம் திருத்துகிற மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்தது. ஆசையோடு போட்டார்கள். போட்ட கையோடு, அவரவர் பார்த்துப் பார்த்து வைத்திருந்த டிபோல்ட் செட்டிங் எல்லாம் காணாமல் போய்விட்டது. குழுவில் ஒரே ஒப்பாரி. நிலாவெளியில் ஸ்டூடியோ வைத்திருக்கிற ஒருவர் எழுதினார்: “சுகந்தி அக்கா, உங்கட டிபோல்ட்டை அப்பிடியே அனுப்பிவிடுங்கோ. நாங்கள் அதையே போட்டிட்டு இருக்கிறம்.” அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பல்கள்.

பதில் எழுதத் தொடங்கினேன். பெருவிரல் நோகத் தொடங்கியது; பதில் முடியவில்லை. என் டிபோல்ட் என்ன என்று சொல்ல வேண்டுமென்றால், ஒரு டிபோல்ட்டினால் ஒரு மனிதருடைய வேலை போகப் பார்த்த கதையைச் சொல்ல வேண்டும். அது வட்ஸ்அப்பில் அடங்காது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கமரா இரண்டு விதமாகப் படம் தரும். ஒன்று சமைத்த சோறு. வாங்கி அப்படியே சாப்பிடலாம். மற்றது அரிசி. அதைத்தான் நாங்கள் ‘ரோ’ என்கிறோம். கமராவின் கண்ணில் பட்ட வெளிச்சம் முழுவதும் அதில் இருக்கும், ஆனால் படமாக இராது. கொம்பியூட்டருக்குள் எடுக்கிறபோது மென்பொருள்தான் அதைச் சோறாக்கும். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்று நாம் சொல்லாவிட்டால் அது தன் பாட்டில் ஒரு அளவைப் போட்டுக்கொள்ளும். அந்தத் ‘தன் பாட்டில்’ போடுகிற அளவுதான் டிபோல்ட். அதை நம் விருப்பத்துக்கு மாற்றியும் வைக்கலாம். மாற்றி வைத்துவிட்டால், அதற்குப் பிறகு உள்ளே வருகிற ஒவ்வொரு படமும் அந்த அளவோடுதான் வரும். யாரும் கேட்க மாட்டார்கள், யாருக்கும் ஞாபகமும் இராது. வில்லங்கம் அந்த ஞாபகத்தில்தான்.

நான் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவள் இல்லை. ஃபிலிம் காலத்தில், கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு ஸ்டூடியோவில், கழுவின படங்களை உறையில் போட்டுப் பெயர் எழுதிக் கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு கொம்பியூட்டர் வந்தது. அதைத் தொடுவதற்கு எல்லாரும் பயந்தார்கள். எனக்கு அதன் மேல் தூசு படிவது பிடிக்கவில்லை; துடைக்கப் போய், தட்டிப் பார்த்து, பிழை விட்டு, பிழையை மறைக்கிற வழியைத் தேடி, அப்படியே பழகிவிட்டேன். என் படிப்பு அவ்வளவுதான்.

முதலாளி தவராசா அண்ணையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உயரமான மனிதர். படம் எடுக்கும்போது முழங்காலை மடித்து மடித்து, நிற்கும்போதும் முழங்கால் மடிந்தே இருக்கும். யாரையும் சத்தம் போட்டு ஏசியதில்லை. அவருக்கு ‘இல்லை’ என்ற சொல்லும் வராது. யார் எதைக் கேட்டாலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், சேட்டு நுனியால் இரண்டு பக்கமும் துடைப்பார், திருப்பிப் போடுவார், “பாப்பம்” என்பார். அந்தப் ‘பாப்பம்’ முப்பது விதம். சம்பளம் கூட்டிக் கேட்டால் ஒரு பாப்பம். கலியாணவீட்டுக்காரர் தலைகீழாக நின்று படம் எடுக்கச் சொன்னால் இன்னொரு பாப்பம். எந்தப் பாப்பம் ‘ஓம்’, எந்தப் பாப்பம் ‘ஏலாது’ என்று பிரித்து அறிகிறவரைக்கும் எனக்கும் சில வருடம் பிடித்தது.

ரோ படம் என்றால் என்ன என்று எங்கள் இருவருக்கும் புரிந்தது சல்லி என்கிற ஊரில் நடந்த ஒரு கோயில் கலியாணத்தன்றுதான்.

அண்ணை அன்று கமராவைக் கறுப்பு வெள்ளையில் வைத்துவிட்டார். முதல் நாள் ஏதோ பரீட்சித்துப் பார்த்திருக்கிறார், திருப்ப மறந்துவிட்டார். வெயிலில் கமராவின் பின்பக்கத் திரை சரியாகத் தெரியாததால் தாலிகட்டு முடியும்வரை எடுத்துத் தள்ளிவிட்டார். பந்தலுக்குள் வந்து மூச்சு விடுகிற நேரம், மாப்பிள்ளையின் தாய்மாமன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் சபைக்கே கேட்கத்தக்கதாகச் சொன்னார்: “இதென்ன, கலியாணவீட்டைச் செத்தவீடு மாதிரி எடுத்து வைச்சிருக்கிறியள்?”

பிறகு நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். பெண் பக்கத்தவர் ஒரு பக்கம், மாப்பிள்ளை பக்கத்தவர் ஒரு பக்கம். கலியாணத்தில் அன்று அவர்கள் ஒற்றுமையாக நின்றது அண்ணைக்கு எதிராக மட்டும்தான். கடைசியில் மாமன், படங்கள் இருக்கிற கார்ட்டைத் தன் கண்ணை விட்டு அகல விடமாட்டேன் என்று அண்ணையின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டார். பட்டு வேட்டி, தலையில் தலைப்பாகை, நெற்றியில் சந்தனம். என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் கார்ட்டைச் செருகினேன். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் படங்கள் விழுந்தன. எல்லாம் கறுப்பு வெள்ளை. அண்ணையின் முகமும் அதே நிறம்.

மாமன் வாயைத் திறக்கப்போன நேரம், முதல் கட்டம் ஒரு கணம் மங்கி நிறமாக மாறியது. கூறைச் சேலையின் சிவப்பு. பிறகு இரண்டாவது. மூன்றாவது. ஒரு வீட்டில் ஒவ்வொரு அறையாக லைற் போட்டுக்கொண்டு போகிற மாதிரி, கோபுரம் நிறமாகி, மாவிலை பச்சையாகி, மாமனுடைய தலைப்பாகையே ரோசாவாகி வந்தது. மாமன் திரையையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இப்ப ஆர் பிள்ளை பெயின்ற் அடிச்சது?”

யாரும் அடிக்கவில்லை. கமராவைக் கறுப்பு வெள்ளையில் வைத்தாலும் ரோ படத்துக்குள் நிறம் முழுவதும் பத்திரமாக இருக்கும். கமரா மேலே ஒட்டி அனுப்புகிற சின்ன மாதிரிப் படம்தான் கறுப்பு வெள்ளை. எங்கள் மென்பொருளின் டிபோல்ட், கமரா சொன்ன நிறத்தைக் கேட்காமல் தன்னுடைய அளவைப் போட்டுக்கொள்கிற டிபோல்ட். அது கேட்காததால் நாங்கள் பிழைத்தோம்.

மாமன் சந்தோசமாகத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த முறை கொஞ்சம் கூடுதலாகவே துடைத்தார்.

“அப்ப சுகந்தி, கமரா சொல்லுறதை இது கேக்கேல்லை?”

“கேக்கேல்லை அண்ணை.”

“அப்ப நாங்கள் சொன்னாக் கேக்குமோ?”

பவுடர் பிறந்தது அந்தக் கேள்வியில்தான்.

படத்தில் முகத்தை வெளுப்பாக்கச் சொல்லிக் கேட்காத கலியாணவீடு நம் பக்கத்தில் எங்கே இருக்கிறது? கேட்கிற விதம்தான் வேறு. திரியாயிலிருந்து வந்த ஒரு தாய் சொன்னார்: “பிள்ளை வயலுக்க நிண்டு காய்ஞ்சு போனாள். படத்திலயாவது நிழலில நிக்கட்டும்.” ஒரு மாப்பிள்ளை என் காதுக்குள் சொன்னார்: “என்னை ஒண்டும் செய்ய வேண்டாம் அக்கா. பக்கத்தில நிக்கிற மச்சானைக் கொஞ்சம் கறுப்பாக்கிவிடுங்கோ.” பிரியாவிடைப் படத்துக்கு வந்த ஒரு ஆசிரியை, “வயசு இருக்கட்டும். களைப்பை மட்டும் எடுத்துவிடுங்கோ” என்றார். இப்படிச் சொற்களைக் கேட்டுக்கொண்டிருப்பதற்காகவே சம்பளம் இல்லாமலும் அந்தக் கவுண்டரில் நான் நின்றிருப்பேன். அண்ணையிடம் இதைச் சொல்லவில்லை.

ஒவ்வொரு முகமாக வெளுப்பாக்கி முதுகு கூனிப்போனதால், அதையே டிபோல்ட்டாக வைத்துவிடலாம் என்றார் அண்ணை. இருவருமாக இருந்து அளவு பிடித்தோம். மனிதத் தோல் எந்த நிறமாக இருந்தாலும் மென்பொருளின் கணக்கில் அது செம்மஞ்சள் பக்கம்தான். ஆகவே செம்மஞ்சளின் வெளிச்சத்தைக் கூட்டினோம், அதன் கடுமையைக் குறைத்தோம். பருவும் குழியும் மறைய, உருவங்களின் கூர்மையைத் தணித்தோம். கண்ணுக்குக் கீழே இருக்கிற இருட்டைக் கொஞ்சம் தூக்கினோம். பிறகு அமைப்புப் பக்கத்துக்குப் போய், எங்கள் கமராவின் மொடலைத் தெரிவுசெய்து, இந்த மொடலில் எடுத்த படம் எது வந்தாலும் இந்த அளவோடு எடு என்று சொல்லிவிட்டோம். அந்த அளவுக்கு ஸ்டூடியோவில் வைத்த பெயர்தான் பவுடர். படம் உள்ளே வரும்போதே பவுடர் போட்டுக்கொண்டு வரும். நிலாவெளி மணல் சீனி மாதிரி வெளுத்து வந்தது. அதை யாரும் குறை சொன்னதில்லை.

குறை வந்தது நகையால். செம்மஞ்சளை வெளுத்தால் பவுணும் வெளுக்கும்தானே? ஒரு தாய் அல்பத்தைத் திறந்து தாலிக்கொடியில் விரலை வைத்துச் சொன்னார்: “நாங்கள் போட்டது பவுண். நீங்கள் எடுத்தது வெள்ளி.” அன்றிலிருந்து முகத்துக்குப் பவுடர் டிபோல்ட் போடும், நகைக்குப் பவுணை நான் தூரிகையால் திருப்பிக் கொடுப்பேன். வருடக்கணக்காக அது என் கையில் ஊறிப்போன வேலை. சேலைக்கரை, குத்துவிளக்கு, தாலி என்று தொட்டுத் தொட்டு நிறம் கொடுத்துக்கொண்டே போவேன். இந்த உலகத்தில் செம்மஞ்சள் நிறத்தில் வேறு என்ன இருக்கிறது என்று நாங்கள் யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

துறைமுக வேலைகள் எங்களுக்கு இடைக்கிடை வரும். அதிகாரிகளின் பிரியாவிடை, புதிய இழுவைப் படகுக்குப் பூசை, அப்படியான படங்கள். அவற்றுக்கு அண்ணை பழைய கமரா ஒன்றை வைத்திருந்தார். உப்பும் தூசும் பட்டு அது ஒரு நாள் வாயை மூடியது. அண்ணை கலியாணக் கமராவின் மொடலிலேயே இரண்டாவது ஒன்று வாங்கினார். லென்சும் பற்றரியும் இரண்டுக்கும் ஒன்றாகப் பாவிக்கலாம் என்பது அவருடைய கணக்கு. நல்ல கணக்குத்தான். ஆனால் அவர் மனதில் இன்னொரு கணக்கும் இருந்திருக்கிறது: பவுடர் கலியாணக் கமராவுக்குள் இருக்கிறது, துறைமுகக் கமராவுக்குள் இல்லை என்று.

பவுடர் எந்தக் கமராவுக்குள்ளும் இல்லை. அது கொம்பியூட்டருக்குள் இருந்தது. கொம்பியூட்டருக்குத் தெரிந்தது மொடலின் பெயர் மட்டும்.

அந்த இரண்டாவது கமராவுக்குக் கிடைத்த முதல் வேலையே வில்லங்கமான வேலை. மூட்டை கட்டாமல் வயிற்றில் கொட்டிக்கொண்டு வருகிற சரக்கோடு ஒரு கப்பல் நின்றது. கிரேனில் தொங்குகிற பெரிய இரும்பு வாய் ஒன்று கீழே இறங்கி, சரக்கை அள்ளிக்கொண்டு மேலே வரும். சரக்கறையின் வாயைச் சுற்றி ஓடுகிற இரும்பு விளிம்பு ஓரிடத்தில் உள்ளே வளைந்திருந்தது. கிரேன்காரன் இடித்துவிட்டான் என்றார்கள் கப்பல்காரர். அது வரும்போதே அப்படித்தான் இருந்தது என்றார் கிரேன் ஓட்டியவர். சேதத்தைப் பார்த்து அறிக்கை கொடுக்கிற சேவையர் கொழும்பிலிருந்து வரவேண்டும். றோட்டில் வெள்ளம். கப்பல் அவருக்காகக் காத்திருக்காது. ஆகவே கப்பல் முகவர் அலுவலகம் ஒன்று அண்ணையை அழைத்து, வளைந்த இடத்தைப் படம் எடுத்து வைக்கச் சொன்னது. அண்ணை ஏறி எடுத்தார். கப்பல் போய்விட்டது.

நான் அந்த நாட்களில் திரியாயில், சின்னம்மாவின் மகளின் கலியாணத்தில் நின்றேன். அண்ணையே படங்களைக் கொம்பியூட்டருக்குள் எடுத்து, அச்சடித்து, உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

நான் திரும்பி வந்த பிறகு ஒரு மத்தியானம், நடுத்தர வயதில் ஒருவர் கவுண்டரில் வந்து நின்றார். வெயிலில் வெந்த முகம். கையில் ஒரு பொலித்தீன் உறை. குறிஞ்சாக்கேணியிலிருந்து வருவதாகவும், பெயர் ஹனீபா என்றும் சொன்னார். படம் எடுக்கவோ என்று கேட்டேன். படம் எடுத்த ஆக்களைப் பார்க்க வந்ததாகச் சொன்னார்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். கப்பலில் கிரேன் ஓட்டியது அவர்தான். சரக்கிறக்கும் கம்பனி அவரை வேலையிலிருந்து நிறுத்தி, துறைமுகத்துக்குள் போகிற பாஸையும் வாங்கி வைத்துக்கொண்டது. விளிம்பில் இருந்தது பழைய வளைவு என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். கூட்டாளிகள் அப்படித்தான் சொல்வார்கள் என்று அது எடுபடவில்லை. எங்கள் படத்தைக் காட்டி, பார், இரும்பு வெள்ளையாக மினுங்குகிறது, புதிதாக உரஞ்சுப்பட்ட இடம் இது என்று சொல்லிவிட்டார்கள். சேவையர் அறிக்கையை எழுதப்போகிறார். அப்படி எழுதினால் கம்பனி நிரந்தரமாகவே வெளியே விட்டுவிடும். கப்பலை இடித்தவர் என்று பெயர் வந்த பிறகு வேறு எந்தக் கம்பனியும் கிரேனில் ஏற்றாது. அவருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

இவ்வளவையும் அவர் கோபமில்லாமல், கடையில் சாமான் விலை கேட்கிற குரலில் சொன்னார். பிறகு உறையிலிருந்து அந்தப் படத்தின் பிரதி ஒன்றை எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

“தங்கச்சி, நான் ஏணியால இறங்கக்குள்ள அந்த இடத்தில கைய வெச்சுத்தான் இறங்கின. கையெல்லாம் துரு ஒட்டின. சவுக்காரம் போட்டும் நகத்துக்குள்ள இருந்து போகல்ல. உங்கட படத்தில அந்தத் துரு எங்க போன?”

நான் படத்தைப் பார்த்தேன். வளைவைப் பார்க்கவில்லை, என் கண் எதையும் தேடாமல் பின்பக்கம் போனது. அங்கே கப்பலின் உயிர்காப்புப் படகு தொங்கியது. அது பால் கூடின மாம்பழச் சாற்றின் நிறத்தில் இருந்தது. துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த நிறத்தில் ஒரு கப்பலிலும் நான் உயிர்காப்புப் படகு கண்டதில்லை. அது கண்ணைக் குத்துகிற செம்மஞ்சளாக இருக்கும், கடலில் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதற்காக.

“நானா, இஞ்சால உள்ளுக்கு வாங்கோ” என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

கொம்பியூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தேன். வலப்பக்கத்தில் செம்மஞ்சளின் கம்பி எங்கே நின்றது தெரியுமா? கலியாணப் பொம்பிளைகளுக்கு நிற்கிற அதே இடத்தில். மீட்டமை என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஆனால் அதை அழுத்தினாலும் எங்கள் டிபோல்ட் பவுடர்தான் என்பதால் பவுடருக்கே திரும்பும். ஆகவே முதலில் அமைப்புப் பக்கத்துக்குப் போய், இந்த மொடலுக்குக் கமரா சொல்வதையே கேள் என்று மாற்றினேன். மாற்றினாலும் ஏற்கனவே உள்ளே இருக்கிற படம் தானாக மாறாது; அது பழைய பவுடரோடுதான் இருக்கும். பிறகுதான் மீட்டமையை அழுத்தினேன்.

துரு வந்தது. கபிலமும் செம்மஞ்சளுமாக, பக்குப் பக்காக, அடுக்கடுக்காக, வளைவு முழுவதும். வளைவின் உட்பக்கத்தில் பழைய பெயின்ற் வழிந்து உறைந்திருப்பதுகூடத் தெரிந்தது. வளைந்த பிறகுதான் அங்கே பெயின்ற் அடித்திருக்கிறார்கள்.

ஹனீபா நானா திரைக்குக் கிட்ட வந்தார். தொலைந்துபோன சொந்தக்காரரைக் கண்டமாதிரி அந்தத் துருவைப் பார்த்தார்.

“இந்தா, இதுதான். இவ்வளவு நாளும் எங்க இருந்த?” என்று அதனிடமே கேட்டார். அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தார்.

அண்ணை சாப்பிட்டுவிட்டு வந்தார். நான் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார். ‘பாப்பம்’ வரவில்லை. என்னை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து, பவுடரைப் போட்டார், எடுத்தார், போட்டார், எடுத்தார். துரு வந்து வந்து போனது. என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டார்.

அவருடைய பயம் எனக்கு விளங்கியது. துறைமுகத்துக்காரர் இனி எங்கள் படத்தை நம்ப மாட்டார்கள் என்பது ஒன்று. அதைவிடப் பெரிது மற்றது. “படம் வரேக்கையே பவுடரோட வருதெண்டு வெளியால கதை போனா, இந்த ஊரில இருக்கிற மாப்பிளையள் எல்லாம் அல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிப்பினம் பிள்ளை” என்றார். கலியாணம் கட்டி இவ்வளவு வருடமாகியும் மனைவியின் நிறம் தெரியாத மாப்பிள்ளை யார் இருக்கிறார் அண்ணை என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, விடவில்லை. யன்னலால் எட்டிப் பார்த்தார். ஹனீபா நானா திரைக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார், எழும்பினால் துரு திரும்ப ஓடிவிடும் என்கிற மாதிரி.

“வெளிக்கிடு” என்றார் அண்ணை.

வெள்ளம் வடிந்து கொழும்பிலிருந்து வந்திருந்த சேவையர், முகவர் அலுவலகத்தில் இருந்தார். வெள்ளைத் தலை, சிங்களவர், முன்பு திருகோணமலையில் வேலை செய்ததால் நிதானமான தமிழ். அண்ணை சுற்றி வளைக்காமல் சொன்னார். படத்தில் நாங்கள் ஒன்றையும் ஒட்டவில்லை, வெட்டவில்லை. ஆனால் முகத்தை வெளுப்பாக்குவதற்கு வைத்த அளவு இதற்கும் விழுந்துவிட்டது. “நாங்கள் கலியாணவீட்டுக்காரர் ஐயா. இரும்பையும் பொம்பிளையாத்தான் பாத்திட்டம்.”

சேவையர் சிரிக்கவில்லை. அச்சடித்த படத்தையும் எங்கள் மடிக் கணினியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“சரி. அன்றைக்கு நீங்கள் துருவை எடுத்தீர்கள். இன்றைக்கு நீங்கள் துருவைப் போடவில்லை என்று நான் எப்படி நம்புறது?”

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் வாயால் சொல்ல ஏலாது, செய்துதான் காட்ட வேண்டும். ரோ படத்தின் பிரதியைப் பென்டிரைவில் கொண்டுபோயிருந்தேன். அவருடைய சொந்தக் கொம்பியூட்டரில் அதே வகையான மென்பொருள் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது, தன் படங்களுக்கு வைத்திருந்தார். அது எங்கள் பவுடரைக் கண்ணாலும் கண்டதில்லை. அவரையே பென்டிரைவைச் செருகச் சொன்னேன், அவரையே உள்ளே எடுக்கச் சொன்னேன். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

படம் வந்தது. துரு இருந்தது. ஆனால் எங்கள் திரையில் இருந்த மாதிரி இல்லை. நிறம் கொஞ்சம் மந்தம், நிழல் கொஞ்சம் கறுப்பு. சேவையர் கண்ணைச் சுருக்கினார். இப்போது மூன்று படம் இருக்கிறதே, இதில் உண்மை எது என்று கேட்டார்.

உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஒரு அளவும் இல்லாத படம் என்று ஒன்று கிடையாது ஐயா. உங்களுடையதில் மென்பொருள் செய்தவர்களின் டிபோல்ட் இருக்கிறது. எங்களுடையதில் இப்போது கமரா செய்தவர்களின் அளவு இருக்கிறது. அச்சில் இருப்பது தவராசா அண்ணையின் அளவு. மூன்றும் யாரோ ஒருவருடைய அபிப்பிராயம். “ஆனா ஐயா, உயிர்காப்புப் படகு என்ன நிறமெண்டு உங்களுக்கு எங்களைவிட நல்லாத் தெரியும். எந்தப் படம் அதைச் சரியாச் சொல்லுதெண்டு பாருங்கோ. துருவைப் பற்றி அதிட்டயே கேளுங்கோ.”

அவர் மூன்றையும் பார்த்தார். அச்சுப் படத்தில் விரலை வைத்தார். வைத்தவருக்குத் தோள் குலுங்கியது. உத்தியோக ஆட்கள் சிரிப்பை மூக்கால் விடுவார்களே, அப்படி. இந்தப் படகுக்குப் பூமாலைதான் குறை என்றார். பிறகு படத்தைப் பெரிதாக்கி, துருவின் அடுக்குகளையும் உறைந்த பெயின்றையும் வெகுநேரம் பார்த்தார். ரோ படத்தின் பிரதியைத் தன்னிடமே விட்டுப்போகச் சொன்னார். இனித் துறைமுகப் படம் எடுத்தால் அச்சோடு ரோவையும் தரவேண்டும் என்று அண்ணையிடம் சொன்னார். ‘இனி’ என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணையின் முழங்கால் கொஞ்சம் நிமிர்ந்தது.

அறிக்கை வரும்வரை நாங்கள் சும்மா இருக்கவில்லை. அமைப்புப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் சரி போட்டால், ஒரே மொடலாக இருந்தாலும் ஒவ்வொரு கமராவையும் அதன் தொடர் இலக்கத்தை வைத்துத் தனித்தனியாக அறியும். அந்தக் கட்டத்தை நாங்கள் பல வருடமாகப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறோம். சரி போட்டோம். துறைமுகக் கமராவுக்குக் கமரா சொல்வது மட்டும். கலியாணக் கமராவுக்கும் நான் பவுடரை டிபோல்ட்டிலிருந்து எடுத்துவிட்டேன். படம் முதலில் வந்தபடி வரட்டும். நான் பார்த்த பிறகு, தேவையான முகத்துக்கு மட்டும் கையால் போடுவேன் என்றேன். அண்ணை ‘பாப்பம்’ என்றார். அது ‘ஓம்’ என்கிற பாப்பம். தாலிக்கொடிக்குப் பவுணைத் திருப்பிக் கொடுக்கிற வேலை அன்றோடு பாதியாகக் குறைந்தது. நான் ஓய்வு பெறும்வரை என் டிபோல்ட் அதுதான்: கமரா கண்டதை முதலில் நானும் காண வேண்டும். கேட்டவர்கள் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த நேரம், ஹனீபா நானா வந்தார். ஒரு கையில் கிண்ணியாத் தயிர்ச் சட்டி. மறு கையில் ஒன்றும் இல்லை. அதிலேயே எனக்குச் செய்தி விளங்கிவிட்டது. போன முறை அந்தக் கையில்தான் உறை இருந்தது. வளைவு பழையது என்று சேவையர் எழுதிவிட்டார். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். பழைய பாஸைத் தேடி எடுக்க அவர்களால் ஏலவில்லையாம். புதுப் பாஸ் போட வேண்டும், அதற்குப் படம் வேண்டும்.

அண்ணை தானே எடுத்தார். பின்னால் நீலச் சீலையை இழுத்துவிட்டு, நானாவின் கொலரைச் சரிசெய்து, முழங்காலை மடித்து எடுத்தார். நான் உள்ளே எடுத்தேன். திரையில் நானாவின் முகம் விழுந்தது. வெயிலும் கடற்காற்றும் எழுதின எல்லாம் அதில் இருந்தது. நெற்றியில் ஹெல்மட் அழுத்தின கோடுகூட.

நானா நெடுநேரம் பார்த்தார். திரும்பி வாசலைப் பார்த்தார், யாரும் இல்லை என்று கண்டதும் குரலைத் தாழ்த்தினார்.

“தங்கச்சி, கப்பலுக்குப் போட்ட பவுடர்ல கொஞ்சம் மிச்சம் இருக்கா? பொஞ்சாதி பார்த்தா, என்னங்க இப்பிடி வந்து நிக்கிறீங்கண்டு கேப்பா.”

அண்ணை கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கேட்ட மனிதருக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது என்று நான் செம்மஞ்சள் கம்பியைத் தள்ளினேன். நானாவுக்கு வயது குறைந்தது. கன்னம் மினுங்கியது. கலியாணத்துக்கு வெளிக்கிட்ட மாதிரி ஆனார். தலையைச் சாய்த்து ஒரு பக்கம் பார்த்தார், மறு பக்கம் பார்த்தார், தாடியைத் தடவினார். நன்றாகப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தது. அச்சுக்கு அனுப்பக் கையை வைத்தேன்.

“இல்ல, பொறுங்க” என்றார்.

“ஏன் நானா?”

“திங்கக்கிழம வாசல்ல நிக்கிறவன் இத என்ட மூஞ்சோட வெச்சுப் பாப்பான். இது வேற ஆள் எண்டு திருப்பி அனுப்பினா? வேணாம் தங்கச்சி, துருவோடயே அடிங்க. நான் உள்ளுக்குப் போகோணும்.”